லண்டன் போய்வர எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் கிள்ளான் அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வயதான பெற்றோரை லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போக பிசினஸ் கிளாஸ் விலை விசாரித்தாராம், கேட்டதும் மலைத்துப்போய், இதெல்லாம் டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ பட்டம் வாங்கிய பெரும்புள்ளிகளுக்குத்தான் என்று விட்டுவிட்டாராம். அவர் ஏஜென்டிடம் என்ன கேட்டிருப்பார் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். "கேஎல் (கோலாலம்பூர்) – லண்டன் ரிட்டர்ன், பிசினஸ், ரெண்டு பேர், எவ்வளவு?" நாம் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறோம். இப்படிக் கேட்டால் ஐந்து இலக்கத்தில்தான் பதில் வரும். நேரடி விமானம், போன ஊரிலிருந்தே திரும்புவது, நடுவில் எங்கேயும் இறங்காதது என்று, கடையில் இருப்பதிலேயே விலை கூடிய சரக்கைப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டு விலையைப் பார்த்து அதிர்ச்சியடைந்தால் எப்படி?

எங்கள் சொந்தபந்தத்தில் டிக்கெட் பார்த்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிள்ளை மெல்பர்னில், இன்னொன்று லண்டனில், மாமன் மகன் டொரொண்டோவில், குலதெய்வம் திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில். இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகப் போய்வர டிக்கெட் எடுத்து, ஒவ்வொரு தடவையும் எகானமி இருக்கையில் முட்டி மடங்க உட்கார்ந்து, கால் வீங்கி இறங்குகிறார்கள் நம் பெரியவர்கள். கேஎல்லிலிருந்து லண்டனுக்கு நேரடியாகப் போனாலே 13, 14 மணி நேரம். சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள எழுபது வயதுக்காரர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போக ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. பிசினஸ் கிளாஸ் மலிவாகக் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகிற மாதிரி வாங்க வழி இருக்கிறது, அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விமான டிக்கெட்டின் விலையைத் தூரம் மட்டும் முடிவுசெய்வதில்லை. டிக்கெட் எந்த ஊரில் தொடங்குகிறது, எங்கே போய்ச் சேருகிறது, நடுவில் எத்தனை மணி நேரம் நிற்கிறது, எந்த மாதம், திரும்பி வருவதற்குள் எத்தனை நாள், இவையெல்லாம் சேர்ந்துதான் விலை. கேஎல்லில் ஏறி தோஹாவில் மாறி லண்டனில் இறங்கினால் விமானம் இரண்டு, ஆனால் கட்டணம் கேஎல் – லண்டன் என்ற ஒன்றே ஒன்று. நேரடியாகக் கொண்டுபோய் விடுகிற நிறுவனத்துக்கு அந்த வசதிக்காகக் கூடுதலாகக் கேட்கத் தெம்பு இருக்கிறது. நடுவில் இறக்கி ஏற்றுகிற நிறுவனமோ விலையைக் குறைத்தால்தான் ஆள் வரும். அதனால் தோஹா, இஸ்தான்புல், கொழும்பு, ஹாங்காங் வழியாகப் போகிற கட்டணத்தைப் பார்க்காமல் நேரடி விலையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு விஷயம், பல பேருக்குத் தெரியாது. சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறிவிட்டால் அது ட்ரான்சிட் என்றுதான் கணக்கு. 24 மணி நேரத்தைத் தாண்டினால்தான் ஸ்டாப்ஓவர், அதாவது நடுவழியில் இறங்கித் தங்குவது. காலையில் இஸ்தான்புல்லில் இறங்கி மறுநாள் விடியற்காலை கிளம்பினால் ஒரு முழுப் பகலும் ஊர் பார்க்கலாம், பெரியவர்களுக்குக் கட்டிலில் ஒரு ராத்திரித் தூக்கமும் கிடைக்கும், கட்டணம் பெரும்பாலும் அதேதான். மலேசியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கியிலும் கத்தாரிலும் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை என்பதால் வெளியே போய்வருவதும் சுலபம். 24 மணிக்கு மேல் தங்க வேண்டுமா, சில கட்டணங்களில் ஸ்டாப்ஓவர் இலவசம், சிலவற்றில் பணம் கட்ட வேண்டும், சிலவற்றில் அனுமதியே இல்லை. கட்டண விதியைப் படித்தால் தெரிந்துவிடும். டர்கிஷ் ஏர்லைன்ஸ், எதிஹாட் போன்றவை தங்கள் ஊரில் இறங்கித் தங்குபவர்களுக்கு ஹோட்டல் அறையே தரும் திட்டங்கள் வைத்திருக்கின்றன. எந்த நாட்டிலிருந்து புறப்படுபவர்களுக்கு, எத்தனை இரவு என்பது அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுப்பதற்கு முன் அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, லண்டன் போயாகிவிட்டது. லண்டனிலிருந்தேதான் திரும்ப வேண்டுமா? பிரிட்டனிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணியிடமும் அந்த நாட்டு அரசாங்கம் ஒரு வரி வாங்குகிறது. கேஎல் மாதிரித் தூரமான ஊருக்கு, 2025 ஏப்ரலில் எகானமிக்கு 94 பவுன், பிசினஸ் கிளாசுக்கு 224 பவுன் என்று ஆக்கினார்கள். இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விமான நிறுவனத்துக்கு இதில் ஒரு காசு போகாது, ஆனால் உங்கள் டிக்கெட் விலையில் அது உட்கார்ந்திருக்கும். லண்டனில் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு, ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ் போய் அங்கிருந்து திரும்பினால் இந்த வரி கிடையாது. பிரான்சும் சும்மா விடவில்லை, 2025 மார்ச்சிலிருந்து நீண்டதூர பிசினஸ் கிளாசுக்கு 120 யூரோ வாங்குகிறது, இருந்தாலும் லண்டனைவிடக் குறைவு. மலேசியா ஏர்லைன்ஸ் அதே 2025 மார்ச்சில் பாரிசுக்கு மறுபடி பறக்கத் தொடங்கிவிட்டதால், லண்டனில் இறங்கி பாரிசில் ஏறுவதை ஒரே நிறுவனத்தின் ஒரே டிக்கெட்டாகவே எடுக்க முடிகிறது. இப்படி ஒரு ஊரில் இறங்கி வேறொரு ஊரில் ஏறும் டிக்கெட்டை ஏஜென்ட்டுகள் ஓப்பன் ஜா என்பார்கள். பெரும்பாலும் இரண்டு ரிட்டர்ன் கட்டணங்களில் பாதிப் பாதியை எடுத்துக் கூட்டுவார்கள், இரண்டு ஒருவழி டிக்கெட் விலை வராது. டப்ளினில் இப்படியொரு வரியே இல்லை, அயர்லாந்து 2014லேயே எடுத்துவிட்டது. அந்தப் பக்கம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிற குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு, அவர்களுக்கு இது பயன்படும். நம் நாட்டு வரியையும் சொல்லிவிடுகிறேன்: 2019 செப்டம்பரிலிருந்து ஆசியானுக்கு வெளியே பறக்கும்போது எகானமிக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேற்பட்ட வகுப்புக்கு 150 வெள்ளி. இதற்குத் தப்பிக்க வழி இல்லை, கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இப்போது கிள்ளான் அன்பருக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. லண்டன் தவிர வேறு எங்காவது சொந்தக்காரர்கள் இருந்து, இந்த வருஷமோ அடுத்த வருஷமோ அங்கேயும் போக வேண்டியிருக்கிறது என்றால், உலகைச் சுற்றும் டிக்கெட்டை ஒரு தடவையாவது விலை கேட்டுப் பாருங்கள். பேரைக் கேட்டதும் ஏதோ சாகசப் பயணம் என்று நினைக்க வேண்டாம். மலேசியா ஏர்லைன்ஸ் 2013 பிப்ரவரியிலிருந்து ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியில் இருக்கிறது. அந்தக் கூட்டணியின் ஒன்வேர்ல்ட் எக்ஸ்புளோரர் டிக்கெட்டில் மைல் கணக்கு கிடையாது, எத்தனை கண்டம் தொடுகிறீர்கள் என்பதுதான் விலை. மூன்று கண்டத்திலிருந்து ஆறு கண்டம் வரை, அதிகபட்சம் 16 பறப்புகள், ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரே திசையில் சுற்றி வர வேண்டும், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு தடவை தாண்ட வேண்டும், தொடங்கிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். ஸ்டார் அலையன்ஸ் என்ற இன்னொரு கூட்டணியிலும் இதேபோல் ஒன்று இருக்கிறது, அங்கே மைல் கணக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய், ஏர் இந்தியா, டர்கிஷ், ஏர் கனடா எல்லாம் அந்தக் கூட்டணியில்தான்.

நம் குடும்பங்களுக்குப் பொருந்துகிற ஒரு வழியைச் சொல்கிறேன். கேஎல்லிலிருந்து ஹாங்காங், அங்கிருந்து கேத்தே பசிபிக்கில் டொரொண்டோ. மாமன் மகன் வீட்டில் மூன்று வாரம். பிறகு பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன், தங்கை வீட்டில் ஒரு மாதம். லண்டனிலிருந்து அதே நிறுவனத்தில் நேரே சென்னை, திருச்சிக்கு ரயிலோ காரோ பிடித்துப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு, சென்னையிலிருந்து மலேசியா ஏர்லைன்ஸில் கேஎல். ஆசியா, வட அமெரிக்கா, ஐரோப்பா என்று மூன்றே கண்டம், அதாவது அந்த டிக்கெட்டின் மிகக் குறைந்த விலைப் படி. டொரொண்டோவுக்கு ஒரு பிசினஸ் ரிட்டர்ன், லண்டனுக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று தனித்தனியாக விலை போட்டுக் கூட்டி, அதன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். எல்லா நேரமும் இதுதான் ஜெயிக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். லண்டன் மட்டும்தான் போக வேண்டும் என்பவருக்கு இது வீண் செலவு. மூன்று இடம் போக வேண்டியவர் இதைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதில் பெரியவர்களுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு, தேதி மாற்றக் கட்டணம் வாங்க மாட்டார்கள், அந்த வகுப்பில் இடம் இருந்தால் போதும். வழியை மாற்றினால் மட்டும் பணம். பேத்திக்குக் காய்ச்சல், இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மா சொன்னால் யாரும் பதற வேண்டியதில்லை.

சிக்கலும் உண்டு. விமான நிறுவனங்கள் பிசினஸ் இருக்கைகளையே விலைக்கு ஏற்ப எழுத்துப் போட்டுப் பிரித்து வைத்திருக்கும், இந்த டிக்கெட்டுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 'டி' என்ற எழுத்துள்ள இருக்கைகளை மட்டுமே தருகின்றன. விமானத்தில் பிசினஸ் இருக்கை காலியாக இருக்கும், ஆனால் 'டி'யில் இடம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தின வாரமும் சீனப் புத்தாண்டு வாரமும் இது கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். விசா அடுத்த தலைவலி. கனடாவுக்கு நமக்கு விசா வேண்டும், பிரிட்டனுக்கு 2025 ஜனவரியிலிருந்து மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும், இந்தியாவுக்கு இ-விசா. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்காக இறங்கினால்கூட விசா கேட்பார்கள், அதனால் மெல்பர்ன் போய் அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகச் சுற்ற நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அதை யோசிக்க வேண்டும். நான் மேலே சொன்ன ஹாங்காங் வழி அமெரிக்காவைத் தொடாது, அதற்காகத்தான் அதைச் சொன்னேன்.

அப்புறம், இணையத்தில் இளவட்டங்கள் அடிக்கடி சொல்கிற தந்திரம், டிக்கெட்டை வேறு நாட்டில் தொடங்குவது. அது உண்மைதான். அதே விமானம், அதே இருக்கை, கொழும்பிலோ ஜகார்த்தாவிலோ பேங்காக்கிலோ தொடங்குகிற டிக்கெட் கேஎல்லில் தொடங்குவதைவிடக் குறைவாக இருக்கும் சமயங்கள் உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு ஊர்ச் சந்தைக்கும் தனித்தனி விலை போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் சொந்தம் உள்ளவர்கள் எப்படியும் கொழும்பு போகத்தான் போகிறார்கள், அவர்கள் அங்கிருந்து லண்டனுக்குப் பிசினஸ் விலை பார்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. மற்றவர்கள் கேஎல் – கொழும்பு தனி டிக்கெட், அங்கே ஒரு ராத்திரி ஹோட்டல், இலங்கைக்குள் போக மின்னணு அனுமதி, அட்டையில் வெளிநாட்டுப் பணம் தேய்ப்பதற்கு வங்கி வாங்கும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும். முதல் பறப்பைத் தவறவிட்டால் மீதி எல்லாப் பறப்பும் ரத்தாகிவிடும், கொழும்பில் தொடங்கி கேஎல் வழியாகப் போகும் டிக்கெட்டில் கேஎல்லிலேயே ஏறிக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. இரண்டு தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டுவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. பெட்டியையும் நாமே எடுத்து நாமே மறுபடி போட வேண்டும். மலிவு விலை விமானத்தில் கேஎல் விமான நிலையத்தின் டெர்மினல் 2இல் வந்து இறங்கி டெர்மினல் 1க்கு ஓடுவது இளைஞர்களுக்குச் சரி. இரண்டு வெள்ளி ரயில், மூன்று நிமிஷம்தான். ஆனால் சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம். எழுபது தாண்டியவர்களுக்கு எல்லாப் பறப்பும் ஒரே டிக்கெட்டில்தான் இருக்க வேண்டும், நூறு இருநூறு வெள்ளி கூடப் போனாலும் சரி.

விலை பார்க்க இணையத்தில் கூகுள் ஃபிளைட்ஸ் இருக்கிறது, அதில் பல ஊர்களைச் சேர்த்து விலை பார்க்க 'மல்டி சிட்டி' என்று ஒரு பிரிவு உண்டு. இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஐடிஏ மேட்ரிக்ஸ். அதுவும் இப்போது கூகுளுடையதுதான், டிக்கெட் விற்காது, ஆனால் கட்டணம் எப்படிக் கூட்டப்பட்டிருக்கிறது, இருக்கைக்கு எந்த எழுத்து, எவ்வளவு வரி என்று பிரித்துக் காட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஏஜென்டிடம் நீட்டினால் பேச்சின் தோரணையே மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம். தேடும்போது பிசினஸ் என்று போட்டாலும் சில தளங்கள் ஒரு பறப்பை எகானமியில் வைத்துக் கலந்து காட்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு ஏஜென்ட் விற்ற பிசினஸ் டிக்கெட்டில், நாலு மணி நேரப் பகல் பறப்பு பிசினஸ், ராத்திரி முழுக்கப் பறக்கிற நீளமான பறப்பு எகானமி. அவர் அதை விமான நிலையத்தில்தான் தெரிந்துகொண்டார். இதையே நாம் தெரிந்து, தலைகீழாகச் செய்தால் நல்ல யோசனை. கேஎல் – சென்னை மாதிரிக் குறுகிய பறப்பில் ஓடும் சின்ன விமானங்களில் பிசினஸ் என்பது கொஞ்சம் அகலமான நாற்காலிதான், கட்டில் ஆகாது. அங்கே எகானமி போதும். ராத்திரி நீளப் பறப்புக்கு மட்டும் பணத்தைப் போடுங்கள். எந்த ரக விமானம் என்றும் பாருங்கள், எல்லா பிசினஸ் இருக்கையும் முழுதாகப் படுக்காது.

அடிக்கடி பறந்து விமான நிறுவனப் புள்ளிகள் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். சுருக்கமாக, மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் புள்ளியானாலும் வேறு எதுவானாலும், புள்ளியைக் கொடுத்த பிறகும் வரியும் நிறுவனத்தின் கூடுதல் கட்டணமும் காசாகக் கட்ட வேண்டும். சில நிறுவனங்களில் அந்தத் தொகையே கண்ணைக் கட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஏஜென்ட்டுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விமான நிறுவனங்கள் கமிஷனை வெட்டிவிட்ட பிறகு, ஐந்து ஊர் டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? சேவைக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், நல்ல ஏஜென்ட் திரையில் பார்க்கும் கட்டண விதிகளில் பாதி நமக்கு இணையத்தில் தெரியாது. ஆனால் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு கொடுக்கும் உரிம எண் கடையிலும் ரசீதிலும் இருக்க வேண்டும். விமானம் ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 2024 செப்டம்பரில் விதியைத் திருத்தினார்கள். கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். இந்தப் புகார்களை முன்பு மாவ்காம் என்ற மலேசிய விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு ஆணையம் பார்த்தது, 2025 ஆகஸ்டிலிருந்து அது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய முகவரிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. உங்கள் பத்திரிகையில் வாரம் தவறாமல் பயண விளம்பரங்கள் வருகின்றன. "பிசினஸ் கிளாஸ் இத்தனை வெள்ளியிலிருந்து" என்று பெரிய எழுத்தில் இருக்கும். வரி சேர்ந்த விலையா, ஒருவழியா போய்வரவா, நீளமான பறப்பு எந்த வகுப்பு, தேதி மாற்றலாமா, இந்த நாலு தகவலும் அதே விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் நீங்கள் நிபந்தனை போடலாமே. பயண ஏஜென்ட்டுகள் சங்கம் நடத்தும் மாத்தா பயணக் கண்காட்சி வரும் சமயங்களில் நம் ஆட்கள் பட்டாளமாய்த் திரண்டு போகிறார்கள், துண்டுப் பிரசுரங்களைப் பை பையாகச் சுமந்து வருகிறார்கள். அடுத்த கண்காட்சிக்கு முந்தின வாரம் உங்கள் நிருபர் ஒருவர், நான் மேலே சொன்ன ஹாங்காங் – டொரொண்டோ – லண்டன் – சென்னை வழியை எடுத்துக்கொண்டு நாலைந்து ஏஜென்ட்டுகளிடம் விலை கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று அப்படியே போட்டால் நான் அந்தப் பிரதியைக் காசு கொடுத்து நாலு வாங்குவேன். கிள்ளான் அன்பருக்கும் ஒன்று அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.